தரை வெடிப்பும் கணப்புப் புகையும்: மலையக வீட்டுப் பரிசோதனை அறிக்கையில் எதை, எப்படி எழுதுவது?

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையைக் கடந்த பிறகு, மலையகத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள் கூரையைப் பார்ப்பதற்கு முன் குனிந்து தரையைப் பார்க்கிறார்கள். காணி உறுதியும் காணி வரைபடமும் சரியாக இருந்தால் போதும் என்ற பழைய வழக்கம் இப்போது மனதுக்கு ஆறுதல் தருவதில்லை. பொறியியலாளரையோ தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ கூட்டிவந்து வீட்டைப் பரிசோதித்து எழுத்தில் வாங்குகிறார்கள். ஆனால் கைக்கு வரும் தாளில் "தரையில் வெடிப்பு உண்டு, சுடுநீர் வசதி உண்டு" என்று இரண்டு வரி இருந்தால் அதை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. வெடிப்பு போன மாரியில் வந்ததா, இருபது வருடப் பழையதா? இன்னும் விரிகிறதா? குளியலறைச் சுவரில் தொங்கும் பெட்டி மின்சாரத்தில் ஓடுகிறதா, எரிவாயுவிலா? எரிவாயு என்றால் புகை எங்கே போகிறது?

பரிசோதனை அறிக்கையின் முதல் பயன், அடுத்த வருடம் வேறொருவர் வந்து அதே இடத்தில் அதே அளவை எடுத்து ஒப்பிட முடிவது. "ஆபத்து", "ஆபத்தில்லை" என்ற தீர்ப்பு அதற்குப் பிறகுதான். அளவில்லாத தீர்ப்பைச் சரிபார்க்க வழியே இல்லை.

தரை வேறு, அத்திவாரம் வேறு

"அத்திவாரம் வெடித்துவிட்டது" என்று பதறும் பல வீடுகளில் வெடித்திருப்பது அத்திவாரமே இல்லை. மாடியில்லாத சாதாரண வீட்டின் அமைப்பு இப்படி: குழி வெட்டிக் கருங்கல் கட்டு எழுப்புவார்கள். அதன் தலையில் கம்பி போட்ட கொங்கிரீட் பட்டி ஓடும். அதன் மேல் ஈரம் ஏறாமல் ஒரு தடுப்புப் படை, பிறகு சுவர். நான்கு சுவருக்கும் நடுவில் மண் நிரப்பி, இடித்து இறுக்கி, 3 அல்லது 4 அங்குலக் கனத்தில் கொங்கிரீட் தளம் போடுவார்கள். இந்தத் தளத்தில் பெரும்பாலும் கம்பி இருக்காது. சுவரின் பாரமும் இதில் இறங்காது. நிரப்பு மண்ணுக்கு மேல் போட்ட மூடி என்றே இதை நினைக்கலாம். உள்ளே மண் அமுங்கினால் மூடி மட்டும் உடைந்து இறங்கும். சுவர் நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொரு வகையில் தளமே அத்திவாரம். ஓரங்களைத் தடிப்பாக்கி, கம்பி வலை கட்டி, ஒரே வார்ப்பாக ஊற்றி, அதன் மேலேயே சுவரை எழுப்பியிருப்பார்கள். இங்கே தளம் வெடித்தால் விஷயம் வேறு. மேலே நிற்கும் சுவரும் கூடவே அசையும்.

ஆகவே அறிக்கையின் முதல் வரி, இது எந்த வகைத் தளம் என்பதாக இருக்க வேண்டும். கண்டுபிடிக்க இரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். வெளியே சுவரின் அடியில் கருங்கல் தெரிகிறதா, கொங்கிரீட் விளிம்பு தெரிகிறதா? உள்ளே சுவரும் தரையும் சேரும் மூலையில் சுற்றிவர மெல்லிய இடைவெளி விழுந்து, சுவரடியில் ஒட்டிய ஓரப் பட்டி அந்தரத்தில் தொங்குகிறதா? அப்படித் தொங்கினால் தளம் சுவரை விட்டுத் தனியாக இறங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் டைல் மூடியிருந்தால் "டைலுக்குக் கீழ் உள்ள தளம் பார்க்கப்படவில்லை, முன் அறையில் எட்டு டைல்கள் தட்டும்போது வெற்றொலி தருகின்றன" என்று எழுதலாம். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "தளம் நல்ல நிலையில் உள்ளது" என்று ஊகத்தில் எழுதிவைப்பதுதான் பின்னால் வழக்காகும்.

தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன்களில் இன்னொரு சிக்கல். ஒரே சுவரை இரண்டு காம்பராக்கள் (அறைகள்) பகிர்கின்றன. ஒரே கல் அத்திவாரம் வரிசை முழுவதற்கும் ஓடுகிறது. ஒரு காம்பராவின் தரையை மட்டும் பார்த்து எழுதிய அறிக்கை, வெடிப்பின் நடுத்துண்டை மட்டும் பார்த்த அறிக்கை. இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் கேட்டு, கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டும். முன் விறாந்தையான இஸ்தோப்பையும் விட்டுவிடக் கூடாது. அது பின்னால் ஒட்டிக் கட்டப்பட்டதாக இருந்தால், பழைய சுவரோடு சேரும் இடத்தில் பிரிவது சகஜம்.

பாதி வெட்டு, பாதி நிரப்பு

மலைச்சரிவில் சமதளம் சும்மா கிடைக்காது. மேட்டுப் பக்கத்தை வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளப் பக்கம் தள்ளித்தான் வீட்டுக்கு இடம் எடுக்கிறோம். அதனால் ஒரே வீட்டின் பின்பாதி கன்னி மண்ணிலும் முன்பாதி தள்ளிய மண்ணிலும் நிற்கும். மழை இறங்க இறங்கத் தள்ளிய மண் அமுங்கும். வெட்டிய பக்கம் அமுங்காது. இரண்டும் சேரும் கோட்டுக்கு நேர் மேலே, மலையின் குறுக்காக, ஒரு வெடிப்பு ஓடும். அதன் பள்ளப் பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். மலையக வீடுகளில் அடிக்கடி காணும் வெடிப்பு இதுதான்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத வேறு இரண்டு உண்டு.

1. சுருக்க வெடிப்பு. கொங்கிரீட் காயும்போது சுருங்கும். 100 மில்லிமீற்றர் கனமான தளத்துக்கு ஏறக்குறைய 2.4 முதல் 3.6 மீற்றருக்கு ஒரு மூட்டு வெட்டிவிட வேண்டும்; வெட்டின் ஆழம் கனத்தில் கால்வாசி, அதாவது 25 மில்லிமீற்றர். 6 மீற்றர் நீள ஹோலை மூட்டே இல்லாமல் ஒரே மூச்சில் ஊற்றினால், கொங்கிரீட் தானே நடுவில் ஒரு மூட்டை உண்டாக்கிக்கொள்ளும். மயிரிழை அகலம், இரண்டு பக்கமும் ஒரே மட்டம், சுவரில் தொடராது. இதைக் காட்டி விலை குறைக்கச் சொல்வது பேரம் பேசுவோரின் கெட்டித்தனம்; கட்டடத்தின் நோய் அல்ல.

2. சரிவே நகர்வதால் வரும் வெடிப்பு. வெடிப்பு வீட்டோடு நிற்கிறதா, வெளியே போகிறதா என்பதே இங்கு கேள்வி. முற்றத்தில், கானில் (வடிகாலில்), பாதைப் படிக்கட்டில், தடுப்புச் சுவரில் அதே கோடு தொடர்ந்தால் விஷயம் தளத்தோடு முடியவில்லை. வீட்டுக்கு மேலே தேயிலை மலையில் பிறைபோல வளைந்த நிலப்பிளவு, சாய்ந்த மரங்களும் விளக்குக் கம்பங்களும், புதிதாகத் தோன்றிய ஊற்று, திடீரென்று கலங்கிய அல்லது வற்றிய பீலி (மலை ஊற்றுக் குழாய்), நேற்றுவரை மூடிய கதவு இன்று நிலையில் இறுகுவது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

வீட்டுக்கு மேலேயும் பார்க்க வேண்டும் என்பதற்கு மலையகத்துக்கு வேறு சான்று தேவையில்லை. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வரிசைகளை மூடிய மண் மேலேயிருந்து வந்தது. எந்த வீட்டின் தளம் எவ்வளவு உறுதி என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை.

சரிவின் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லும் அதிகாரம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு உரியது. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களுக்கு அது வலய வரைபடங்களைத் தயாரித்திருக்கிறது; கட்டுமான அனுமதிக்கு அதன் மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படுகிறது. வீட்டுப் பரிசோதனை அறிக்கை அதற்கு மாற்றாகாது. அந்த மதிப்பீடு வீட்டாரிடம் இருக்கிறதா, எந்தத் திகதியுடையது, அதற்குப் பிறகு மேட்டுப் பக்கம் யாராவது மண் வெட்டியிருக்கிறார்களா என்ற மூன்றையும் பரிசோதகர் கேட்டு எழுதலாம்.

வெடிப்பை எழுதும் முறை

1. இடம்: அசையாத இரண்டு மூலைகளிலிருந்து தூரம். "முன் அறையில்" என்பது இடமல்ல, "மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து 1.40 மீற்றர்" என்பது இடம்.

2. திசை: வடக்கு தெற்கு எழுதினாலும், கூடவே மலைக்குக் குறுக்கா நெடுக்கா என்று எழுத வேண்டும். வரைபடத்தில் மேட்டுப் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி கட்டாயம்.

3. அகலம்: மிக விரிந்த இடத்திலும் இரண்டு முனைகளிலும், மில்லிமீற்றரில். கோடுகளின் தடிப்பு அச்சிட்ட சிறிய அட்டையை வெடிப்பின் மேல் வைத்தால் 0.1 மில்லிமீற்றர் வரை படிக்கலாம்.

4. மட்ட வேறுபாடு: நேரான இரும்பு அடிமட்டத்தைக் குறுக்கே வைத்து, ஒரு பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அகலத்தைவிட இந்த எண் பல வேளை அதிகம் சொல்லும்.

5. முனைகள்: வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுதல். கோட்டைத் தாண்டிப் போனால் வளர்கிறது.

6. வயது: உள்ளே தூசியும் பெயின்டும் படிந்திருந்தால் பழையது. விளிம்பு கூராக, வெளிர் நிறமாக இருந்தால் புதியது. ஒருமுறை சீமெந்து பூசி அடைத்த இடம் மீண்டும் பிளந்திருந்தால், அதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அசைவு நிற்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

7. படம்: அறை முழுதும் தெரிய ஒன்று, அளவு நாடாவோடு கிட்டத்தில் ஒன்று. கிட்டப் படம் மட்டும் இருந்தால் அது யார் வீட்டு வெடிப்பு என்றே பிறகு தெரியாது.

சுவர் வெடிப்புகளுக்கு பிரித்தானிய கட்டட ஆராய்ச்சி நிலையத்தின் வகைப்பாடு பரவலாகப் பயன்படுகிறது. 1 மில்லிமீற்றர் வரை மிகச் சிறியது, 5 வரை சிறியது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. ஆனால் இது கண்ட சேதத்தை அளக்கும் அளவுகோல். மலைச்சரிவில் 3 மில்லிமீற்றர் வெடிப்பு ஒரே மழையில் 6 ஆகியிருந்தால், "சிறியது" என்ற பெயர் யாரையும் காப்பாற்றாது.

தரையின் மட்டத்தை எடுக்க விலை கூடிய கருவி வேண்டாம். மேசன்மார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் (நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாய்) போதும். ஒவ்வோர் அறையிலும் நான்கு மூலை, நான்கு சுவரின் நடு, அறையின் நடு என ஒன்பது இடங்களில் எடுத்து, மேட்டுப் பக்க மூலை ஒன்றைச் சுழியமாக வைத்து எழுதலாம். டியூபில் காற்றுக் குமிழ் நின்றால் அளவு பொய் சொல்லும். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துச் சரிபார்க்க வேண்டும்.

எண்ணை எப்படி வாசிப்பது? அத்திவாரத்தின் இரண்டு புள்ளிகளுக்கு இடையில் சீரற்ற இறக்கம் தூரத்தில் 300இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் வெடிப்புத் தோன்றத் தொடங்கும். 150இல் ஒரு பங்கு என்றால் கட்டமைப்பே பாதிக்கப்படலாம். 6 மீற்றர் நீளத்தில் இது முறையே 20 மில்லிமீற்றரும் 40 மில்லிமீற்றரும். தரை இறங்கியும் சுவர் சுத்தமாக இருந்தால், இறங்கியது நிரப்பு மண். குளியலறையும் இஸ்தோப்பும் தண்ணீர் ஓடுவதற்காகவே சாய்வாகப் போடப்பட்டவை என்பதை மறந்து அவற்றைக் கணக்கில் சேர்ப்போரும் உண்டு.

இரண்டு விதமான பதிவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

பயனற்றது: "முன் அறைத் தரையில் வெடிப்பு காணப்படுகிறது. திருத்தப்பட வேண்டும்."

பயனுள்ளது: "முன் அறைத் தளத்தில், மேட்டுச் சுவரிலிருந்து 1.40 மீற்றரில், மலைக்குக் குறுக்காக 3.1 மீற்றர் நீள வெடிப்பு. அகலம் இடது முனையில் 0.5, நடுவில் 2.5, வலது முனையில் 1 மில்லிமீற்றர். பள்ளப் பக்கம் 4 மில்லிமீற்றர் தாழ்வு. முன்பு சீமெந்து பூசிய இடம் மீண்டும் பிளந்துள்ளது. பக்கச் சுவர்களில் தொடரவில்லை. முற்றத்தில் தொடரவில்லை. கடந்த மூன்று நாட்கள் மழை. முனைகள் குறியிடப்பட்டன."

ஈரம்

குளிர்ப் பிரதேசத்தில் தரை நனைவதற்கு இரண்டு காரணங்கள்: கீழிருந்து ஏறும் ஈரம், அல்லது அறைக் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிவது. 45 சென்ரிமீற்றர் சதுரப் பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டிக் குறைந்தது 16 மணித்தியாலம் விட வேண்டும். அடியில் நீர் கோத்தால் நிலத்தின் ஈரம். மேலே மட்டும் கோத்தால் காற்றின் ஈரம். இரண்டாவதற்கு ஜன்னலைத் திறப்பது மருந்து. முதலாவதற்கு வெளியே கானைத் துப்புரவாக்குவது.

குளிருக்கு என்ன வைத்திருக்கிறார்கள்?

நுவரெலியா நகரம் ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் புல்லில் உறைபனி விழும். இருந்தும் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு நம்மிடம் வழக்கமில்லை. பங்களாக்களில் கணப்பு, மற்ற வீடுகளில் விறகடுப்பு, மின் ஹீட்டர், குளிக்கச் சுடுநீர்க் கருவி என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிவு வேண்டும்: என்ன எரிபொருள், எத்தனை வற்று, புகையோ நீராவியோ எங்கே வெளியேறுகிறது, பரிசோதனையின்போது இயக்கிப் பார்த்தார்களா இல்லையா.

கணப்பு. புகைபோக்கியின் உட்சுவரில் கரிப்படிவு 3 மில்லிமீற்றரைத் தொட்டால் துப்புரவாக்காமல் நெருப்பு மூட்டக் கூடாது; அந்தப் படிவே தீப்பற்றும். ஈர விறகு இதை விரைவாக்கும். கவ்வாத்து மிலாறை (கத்தரித்த தேயிலைக் குச்சிகளை) வெட்டிய வாரமே எரிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் குறிப்பில் சேர்க்கலாம். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 0.9 மீற்றர் உயரமாகவும், 3 மீற்றர் சுற்றுக்குள் உள்ள கூரைப் பகுதி எதையும்விட 0.6 மீற்றர் உயரமாகவும் இருப்பது நல்ல நடைமுறை. குறைந்தால் காற்று புகையை உள்ளே தள்ளும். பல காலம் எரிக்காத கணப்பு என்றால் மேலே கூடோ தேனடையோ இருக்கலாம். "அலங்காரத்துக்கு மட்டும்" என்று வீட்டார் சொன்னாலும் "புகைவழி திறந்திருப்பது உறுதிசெய்யப்படவில்லை" என்று எழுத வேண்டும். வாடகைக்கு வருபவர் முதல் இரவே மூட்டிப் பார்ப்பார்.

எரிவாயுச் சுடுநீர்க் கருவி. புகைக்குழாய் இல்லாத கருவி மூடிய குளியலறைக்குள் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அது அறிக்கையில் வர வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிவதும், கருவிக்கு மேலே சுவர் கறுத்திருப்பதும் காற்றுப் போதாமல் எரிகிறது என்பதற்கு அடையாளம். அப்போது உண்டாகும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று தடிமன் காய்ச்சல்போலத் தொடங்கும். படுக்கையறையில் தணல் சட்டி வைத்துக் கதவடைப்பதிலும் இதே வாயுதான் வரும். சிலிண்டர் வைத்த இடம் தாழ்ந்த குழியாக இருந்தால் அதையும் பதிய வேண்டும். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் பள்ளத்தில் தேங்கும்.

மின்சாரம். 2,000 வற்று ஹீட்டர் 230 வோல்ற்றில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய வீட்டின் 5 அம்பியர் வட்டமுனைப் பிளக்கில் அடப்டர் போட்டு அதைச் செருகினால் என்ன ஆகும் என்பதைப் பிளக்கைச் சுற்றிய பழுப்பு நிறமே சொல்லிவிடும். 6 கிலோவற்று உடனடிச் சுடுநீர்க் கருவி 26 அம்பியர் எடுக்கும். வீட்டின் மொத்த இணைப்பு 30 அம்பியர் என்றால் மற்றவற்றுக்கு மிஞ்சுவது 4. மின் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை அழுத்தி, விழுந்ததா என்று எழுத வேண்டும்.

"கீசர் சூடாக்குவதில்லை" என்ற முறைப்பாடு பல வேளை கருவியின் பிழையே இல்லை. கொழும்பில் குழாய்த் தண்ணீர் 27 பாகை என்றால், 40 பாகைக்கு ஏற்ற 13 பாகை போதும்; 3.5 கிலோவற்றுக் கருவி நிமிடத்துக்கு 3.9 லீற்றர் தரும். நுவரெலியாவில் தண்ணீர் 15 பாகையில் வந்தால் 25 பாகை ஏற்ற வேண்டும். அதே கருவி 2 லீற்றர்தான் தரும். கொழும்புக் கடையில் பார்த்து வாங்கிய கருவி நானுஓயாவில் சொட்டுவதற்குக் காரணம் இந்தக் கணக்கு.

சுடுநீர்ச் சேமிப்புத் தொட்டியில் அழுத்தத்தை விடுவிக்கும் வால்வு இருக்கிறதா, அதன் குழாய் திறந்த இடத்தில் முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். சொட்டுகிறது என்று அதன் வாயை அடைத்துவைத்த வீட்டில் தொட்டியே ஒரு வெடிகுண்டு.

தரையும் கணப்பும் சந்திக்கும் இடம்

பங்களாவின் புகைபோக்கி வீட்டிலேயே மிகப் பாரமான ஒற்றைக் கட்டு. பெரும்பாலும் தனி அத்திவாரத்தில் நிற்கும். வீட்டைவிட அது கூட இறங்கினால் சுவரிலிருந்து விலகும். கீழே மூடி மேலே விரிந்த வெடிப்பு அதன் அடையாளம். விரிசல் புகைவழியையும் பிளந்திருந்தால் புகை கூரை மரத்துக்குப் போகும். இங்கே அத்திவாரப் பிரச்சினையே தீப் பிரச்சினை ஆகிறது. அறிக்கையில் இரண்டு பகுதிகளிலும் ஒன்றையொன்று சுட்டி எழுத வேண்டும்.

தண்ணீர்க் குழாயும் அப்படித்தான். தளத்தின் கீழ் கசியும் குழாய் நிரப்பு மண்ணைக் கரைத்துக் கொண்டுபோகும். சரிவுக்குள்ளும் நீரை ஏற்றும். எல்லாத் திருகையும் மூடிவிட்டு அரை மணித்தியாலம் மீற்றரைப் பார்க்க வேண்டும். மீற்றர் இல்லாத பீலித் தண்ணீர் என்றால் தாங்கியின் நீர்மட்டத்தைக் குறித்துவைக்கலாம். தரையில் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் கசிவது சுடுநீர்க் குழாய்.

மறு அளவு எப்போது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கம் மேற்குச் சரிவு. தென்மேற்குப் பருவ மழை மே முதல் செப்டெம்பர் வரை. பண்டாரவளை, பதுளைப் பக்கம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை கூடும். அந்தந்தப் பக்கத்தின் மழைக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று குறைந்தது இரண்டு அளவுகள் வேண்டும். காய்ந்த ஓகஸ்டில் ஹப்புத்தளையில் எடுத்த ஒற்றை அளவை வைத்து "அசைவில்லை" என்று எழுதுவது, மாணவனை விடுமுறையில் பார்த்து நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுப்பது போன்றது.

மண்சரிவு முன்னெச்சரிக்கைக்கு 24 மணித்தியாலத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் மழை என்ற மூன்று படிகள் பயன்படுகின்றன. 150ஐத் தாண்டினால், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 பெய்தால், வெளியேற வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும்போது முற்றத்தில் புதுப் பிளவோ கலங்கிய ஊற்றோ கண்ட பரிசோதகர், படி எதுவாக இருந்தாலும் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்கக் கூடாது. வீட்டாரை அங்கேயே வெளியேறச் சொல்லி, கிராம உத்தியோகத்தருக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் அறிவித்து, அறிவித்த நேரத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும்.